வெந்தயத்தின் மேல் விழுந்த பழி

வீட்டில் இடித்த மசாலாவா, கடையில் வாங்கிய மசாலாவா என்று யாராவது பேச்சை எடுத்தால், அடுப்பைப் பார்க்கிற சாக்கில் நான் எழுந்து போய்விடுவேன். இப்போதெல்லாம் மொட்டை மாடியில் இரும்புத் தொட்டி வைத்து, கரி போட்டு, கோழியையும் மீனையும் சுட்டுத் தின்பது பெரிய விசேஷமாகிவிட்டது. சின்னவர்கள் பாக்கெட்டைக் கிழித்துத் தடவுகிறார்கள். பெரியவர்கள் கையால் இடித்த மாதிரி வருமா என்று பெருமூச்சு விடுகிறார்கள். இரண்டு கட்சிக்கும் என்னிடம் பதில் உண்டு. ஆனால் வாய் திறக்க எனக்கு யோக்கியதை இல்லை. ஏன் இல்லை என்பதை இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

அறுபதுகளின் கடைசியில் எளாவூர் செக்போஸ்டுக்குச் சற்று இந்தப் பக்கம், கல்கத்தா ரோட்டு ஓரமாக எங்கள் கடை இருந்தது. கடை என்று மரியாதையாகச் சொல்கிறேன். ஓலைக் கொட்டகை, நாலு பெஞ்சு, மழை பெய்தால் அந்த நாலும் நனையும். ஆந்திராவுக்குப் போகிற லாரியும் அங்கிருந்து வருகிற லாரியும் காகிதம் காட்டி நகர ஒரு பொழுது ஆகும். அந்த ஒரு பொழுதுதான் எங்கள் பிழைப்பு. காலையில் நாஷ்டா, மதியம் சோறும் சுட்ட மீனும். பரிமாறுவதும் பேசுவதும் நைனா. நான் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவேன், எங்கள் பக்கம் முக்கால்வாசி வீடுகளில் அதுதான் வழக்கம். நெருப்பு முழுக்க அம்மாவுடையது.

உடைந்துபோன லாரி ஒன்றின் முன்முகத்துக் கம்பித் தட்டியை, ஜாலி என்போம், கழற்றி இரண்டு கல்வரிசை மேல் வைத்திருந்தார்கள். அடியில் சவுக்குக் கரி. பழவேற்காட்டு ஏரியிலிருந்து கூடைக்காரப் பெண்கள் மடவை மீன் கொண்டுவருவார்கள். அம்மா அதை இரண்டு பக்கமும் கீறி, புளித்தண்ணீரில் குழைத்த மசாலாவைக் கீறலுக்குள் விரலால் அழுத்தித் தடவி, நல்லெண்ணெய் விட்டு ஒரு மணி நேரம் மூடி வைப்பாள். பிறகு ஜாலி மேல் போட்டு, கையில் நீளமான இடுக்கியோடு நிற்பாள். அந்த இடுக்கியோடு நிற்கும்போது அவளிடம் யாரும் எதிர்த்துப் பேச முடியாது. "அவுசரமா? அப்போ பச்சையாவே துன்னு" என்பாள். ஆறடி டிரைவர்களெல்லாம் தட்டை வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். எப்படி இருக்கிறது என்று அவள் ஒரு நாளும் ஒருத்தரையும் கேட்டதில்லை. கேட்க வேண்டிய அவசியம் இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

மசாலாவை வருஷத்துக்கு ஒரு முறை, பங்குனி வெயிலில் செய்வாள். மிளகாய், மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள், கொஞ்சம் வெந்தயம். மூன்று நாள் காயவைத்து, தனித்தனியாக வறுத்து, உரலில் இடித்துச் சலித்து, பெரிய பிஸ்கட் டின்னில் அடைப்பாள். மில்லுக்குக் கொடுக்கவே மாட்டாள். "நமக்கு முன்னால எவ இன்னாத்த அரைச்சாளோ" என்பது அவள் வாதம். வெந்தயத்தை மட்டும் யாரையும் தொடவிடமாட்டாள். ஒரு நிமிஷம் முன்னால் இறக்கினால் பச்சை வாசம், ஒரு நிமிஷம் தாமதித்தால் மொத்தப் பொடியும் கசப்பு. அவள் வாணலியைப் பார்க்கக்கூட மாட்டாள். வேறு எங்கோ பார்த்துக்கொண்டு பேசிக்கொண்டே இருந்து, சரியான நேரத்தில் சட்டென்று இறக்குவாள். அவளுக்கு இருந்த ஒரே கர்வம் அந்த வெந்தயம்தான்.

எனக்குப் பதினாலு வயது இருக்கும். அந்தப் பங்குனியில் காயவைக்கிற வேலை என் தலையில் விழுந்தது. பழைய வேட்டியைத் துவைத்து, உலர்த்தி, அதன்மேல் பரப்பச் சொன்னாள் அம்மா. எங்கள் கிணறு உப்பு, நல்ல தண்ணீருக்கு ரயில்வே கேட் வரைக்கும் போக வேண்டும். எனக்கு அன்றைக்கு அவ்வளவு தூரம் நடக்க உடம்பு வளையவில்லை. தவிர, ரோட்டோரத்தில் வேட்டி விரித்தால் லாரி போகிற காற்றில் அது புரண்டு புரண்டு எழும், நாலு மூலைக்கும் கல் தேட வேண்டும். சோம்பேறிக்குக் காரணமா கிடைக்காது.

செக்போஸ்ட் ஊர்க்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. நின்றிருக்கிற லாரியைப் பக்கத்து வீடு மாதிரி நினைத்துக்கொள்வோம். கொட்டகைக் கால் சாய்ந்தால் லாரியிலிருந்து ஜாக்கி வாங்கி நிமிர்த்துவோம். கயிறு வாங்கித் துணி காயப்போடுவோம். அவர்களும் எங்களிடம் குடம், அம்மிக்கல், சீப்பு எல்லாம் வாங்கிக்கொள்வார்கள். வண்டி நகர்வதற்குள் பொருள் திரும்ப வேண்டும், அவ்வளவுதான் சட்டம். இந்த லாரியில் என்ன ஏற்றினீர்கள் என்று யாரும் யாரையும் கேட்பதில்லை.

அன்றைக்கு வரிசையில் நின்ற முதல் லாரி, நெல்லூர் பக்கத்து டிரைவருடையது. நரைமீசை வைத்த மனிதர், மாதத்துக்கு இரண்டு மூன்று முறை வருவார். அம்மாவின் மடவைக்காகவே செக்போஸ்டில் நேரம் கடத்துகிறார் என்று நைனா கிண்டல் செய்வார். தெலுங்குக்காரர், என்னைத் 'தல்லி', அதாவது அம்மா, என்று கூப்பிடுவார். நான் அவரிடம் போய், "டிரைவர் மாமா, தார்ப்பாய் கொஞ்சம் குடுங்க, விரிக்கணும்" என்றேன். எதற்கு என்று கேட்காமல் எடுத்துப் போட்டார். இரண்டு தடவை உதறினேன். லேசாக ஏதோ ஒரு வாடை. லாரியென்றால் வாடை இல்லாமலா என்று விட்டுவிட்டேன். கனமான தார்ப்பாய், எந்தக் காற்றுக்கும் அசையவில்லை. கொட்டகையிலிருந்து தெரியாதபடி லாரிக்கு அந்தப் பக்கம் விரித்து, மிளகாயையும் மல்லியையும் அதில் பரப்பிவிட்டு, என்னைப்போல் கெட்டிக்காரி உண்டா என்று நிழலில் போய் உட்கார்ந்தேன்.

காகிதத்தில் ஏதோ சிக்கல், அவருடைய லாரி மறுநாள் மதியம்தான் நகர்ந்தது. அதற்குள் மிளகாய் மொறமொறவென்று ஆகிவிட்டது. தார்ப்பாயை மடித்துத் திருப்பிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் வெயிலுக்கு மட்டும், அம்மா பார்க்கும்படியாக, வேட்டியில் மாற்றிப் பரப்பினேன். அந்த வேட்டியையும் துவைக்கவில்லை என்பது வேறு கதை.

அம்மா வறுத்தாள், இடித்தாள், டின்னில் அடைத்தாள். பழைய பொடி தீர்ந்து புதுசு எடுத்த அன்றைக்கு அந்த நெல்லூர் டிரைவரும் வந்திருந்தார். முதல் வாய் வைத்தவர் முகத்தைச் சுளித்தார்.

"இன்னாண்ணா?" என்றாள் அம்மா, இடுக்கியைக் கீழே இறக்காமல்.

"சேதும்மா, சேது" என்றார். அவர் பாஷையில் கசப்புக்கு அதுதான் பேர்.

அம்மா நம்பவில்லை. மீனின் பித்தப்பை உடைந்திருக்கும் என்று வேறு மீன் போட்டாள். அதுவும் கசந்தது. மறுநாள் புளி கூட்டினாள், வெல்லம் கரைத்தாள், பூண்டை அள்ளிப் போட்டாள். குழம்பில் போட்டால் அவ்வளவாகத் தெரியவில்லை, ஆனால் நெருப்பில் வாட்டினால் கசப்பு மேலே வந்து நாக்கில் உட்கார்ந்துகொண்டது. தட்டில் பாதி மீன் மிச்சமாகத் திரும்பி வருவதை நான் அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன். அம்மா ஒவ்வொரு தட்டையும் வாங்கிப் பார்த்துவிட்டு நாய்க்குப் போடுவாள்.

ஒரு வாரம் கழித்து அவளே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "வெந்தயம் தீஞ்சி போயிட்டுகீது. நான்தான் கவனிக்கல. என் கை போச்சி."

எனக்குப் பாவமாக இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அதுவரைக்கும் எனக்கும் அது வெந்தயம்தான்.

நைனா நல்ல மனுஷர், ஆனால் கடைக்காரர். பட்டணத்துக்கு ரயிலேறிப் போய்ப் பாக்கெட் மசாலா வாங்கிவந்தார். மஞ்சள் காகிதத்தில், மூலையில் ஒரு கோழிப் படம் போட்டது. "ஒரு வருசத்துக்கு மட்டும்தான்" என்று அம்மாவிடம் சமாதானமாகச் சொன்னார். அம்மா அதைப் பிரித்து முகர்ந்தாள். பட்டை வாசமும் கிராம்பு வாசமும் தூக்கலாக இருந்தன. "நல்லாத்தான் கீது" என்று சொல்லிவிட்டு, இடுக்கியை அவர் கையில் கொடுத்தாள். "நீயே சுடு. பாக்கெட்டுக்கு நான் எதுக்கு?"

டிரைவர்கள் திரும்பி வந்தார்கள். பாக்கெட் மசாலாவை நான் குறை சொல்ல மாட்டேன். அது எந்த மாதமும் ஒரே மாதிரி இருந்தது, கசக்கவில்லை, அவசரத்துக்குக் கை கொடுத்தது. ஆனால் அதுவரை அம்மா நின்ற இடத்தில் நைனா நின்றார், எல்லாருக்கும் சிரித்துக்கொண்டே பாதி வெந்ததும் பாதி கருகியதுமாகப் பரிமாறினார். அம்மா கொட்டகைக்குப் பின்னால் போய் அரிசி களைந்தாள், பாத்திரம் தேய்த்தாள். அந்த டின்னில் இருந்த பொடி முழுவதையும் தென்னை அடியில் கொட்டினாள். நான்தான் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன்.

மழைக்காலம் வந்தபோது நெல்லூர் டிரைவர் லாரிமேல் ஏறித் தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். நான் அவருக்கு டீ எடுத்துக்கொண்டு போனேன். தார்ப்பாயின் மடிப்பிலிருந்து பழுப்பாகத் தூள் உதிர்ந்து டீ கிளாஸுக்குள் விழுந்தது. அந்த வாடை. பங்குனியில் நான் உதறியபோது வந்த அதே வாடை.

"மாமா, இதுல இன்னா ஏத்தினு வருவீங்க?" என்றேன்.

"வேப்பம் புண்ணாக்கு தல்லி. தோட்டத்துக்குப் போடறது. எப்பவும் அதான்" என்றார்.

டீயைக் கீழே கொட்டிவிட்டு வேறு எடுத்துவரப் போனேன். அம்மா பின்பக்கம் குந்தி உட்கார்ந்து அண்டா தேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. இடுக்கி ஞாபகம் வந்தது, விழப்போகிற அடி ஞாபகம் வந்தது. மில்லுக்கே கொடுக்காதவளின் மிளகாயைப் புண்ணாக்குத் தார்ப்பாயில் காயவைத்தேன் என்று எப்படிச் சொல்வது? நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று டீயை ஆற்றினேன். அந்த 'நாளைக்கு' வர ஏழு வருஷம் ஆயிற்று.

நடுவில் அடுத்த பங்குனி வந்தது. நைனாவே மிளகாயும் மல்லியும் வாங்கிவந்து, "இடிக்கிறியா?" என்று கேட்டார். அம்மா தலையாட்டி மறுத்துவிட்டாள். "அறிவு வேற, கை வேற. கை போனா போனதுதான்" என்றாள். வாங்கிய மிளகாய் குழம்புக்குப் போயிற்று. நான் பக்கத்தில்தான் இருந்தேன். பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

எழுபதுகளின் பிற்பாதியில் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. கும்மிடிப்பூண்டிப் பக்கம் பாக்டரிகள் வர ஆரம்பித்திருந்த காலம். என் வீட்டுக்காரர் அங்கே ஒன்றில் ஃபிட்டர். பாக்டரிக்கு அருகிலேயே வரிசை வீட்டில் ஒரு அறையும் சமையல்கட்டும் பார்த்திருந்தார். மாமியார் வீட்டில் பத்து நாள் இருந்துவிட்டு அங்கே குடிபோவதாக ஏற்பாடு. எங்கள் பக்கம் பெண்ணை அனுப்பும்போது, ஒரு வருஷத்துக்கு ஆகிற மசாலாவைத் தாய் தன் கையால் இடித்து டின்னில் போட்டுக் கூட அனுப்புவாள். மாமியார் வீட்டில் முதலில் திறந்து பார்ப்பது அதைத்தான்.

கிளம்புகிற அன்று காலை அம்மா என் டிரங்குப் பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தாள். எவர்சில்வர் பாத்திரம், வடகம், ஊறுகாய் ஜாடி. கடைசியில் அந்த மஞ்சள் பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் புடவை மடிப்புக்குள் செருகினாள்.

"இன்னாம்மா, பாக்கெட்டு?" என்றேன்.

"என் கைப்பொடி வோணாம்டி. கசந்துதுன்னா உன் மாமியா என்னைச் சொல்ல மாட்டா, உன்னைத்தான் சொல்லுவா. இதுன்னா நிம்மதி."

சர்வ சாதாரணமாகச் சொன்னாள். அழுது சொல்லியிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். "அம்மா, அது வெந்தயம் இல்லம்மா" என்று ஆரம்பித்து, வேட்டி, ரயில்வே கேட், நெல்லூர் டிரைவர், தார்ப்பாய், புண்ணாக்கு எல்லாவற்றையும் கொட்டினேன்.

அம்மா கையில் ஒரு பாக்கெட் இருந்தது. அதைக் கீழே வைக்கவில்லை.

"எத்தினி வருசமா தெரியும்?"

"அந்த மழைக்கே தெரியும்."

"அன்னிக்கே சொல்லியிருந்தா இன்னா பண்ணியிருப்பேன்? இடுக்கியால ரெண்டு போட்டிருப்பேன். அதோட போயிருக்கும்" என்றாள். குரல் ஏறவில்லை. "ஏழு வருசமா என் கைய நானே திட்டிக்கினு கீறேன்டி."

பிறகு பெட்டிக்குள் வைத்த பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். பெட்டியை மூடினாள். என்னைத் தொடவில்லை, ஏறிட்டும் பார்க்கவில்லை. நான் பஸ் ஏறும்போது வாசலுக்குக்கூட வரவில்லை. வழி முழுக்க அழுதேன். புதுப்பெண் தாய்வீட்டை விட்டுப் போகிற அழுகை என்று எல்லாரும் எனக்குச் சமாதானம் சொன்னார்கள். மசாலா டின் இல்லாமல் போய் மாமியார் வீட்டில் இறங்கிய பெண் அந்த ஜில்லாவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஒரு மாதம் கழித்து நைனா கும்மிடிப்பூண்டிக்கு வந்தார். உட்கார்ந்ததும் உட்காராததுமாக, "உங்கம்மா என் கையிலேர்ந்து இடுக்கியப் புடுங்கிட்டா" என்றார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். நான் கிளம்பிய மறுநாளே அவரைச் சந்தைக்கு விரட்டி மிளகாய் வாங்கிவரச் சொன்னாளாம். பங்குனிக்குக் காத்திருக்கவில்லையாம். சுடுகிற ஜாலியைத் தேய்த்துத் தேய்த்துப் பாதியாக்கிவிட்டாளாம். ஆனால் ஏழு வருஷத்தில் டிரைவர்கள் பலர் மாறிவிட்டிருந்தார்கள். புதியவர்களுக்கு அந்தப் பட்டை வாசம்தான் பழக்கம். ஒருத்தர் தைரியமாக, "பழைய மசாலாவே நல்லா இருந்திச்சிம்மா" என்றிருக்கிறார். "இதான்டா பழைய மசாலா" என்று அம்மா அவரை எழுப்பி விட்டுவிட்டாளாம். பேஜாராப் போச்சு என்று நைனா சிரித்தார்.

"நெல்லூர் மாமா வந்தாரா?" என்று கேட்டேன்.

"அவரு வந்து ரெண்டு வருசம் ஆவுதே. உங்கம்மா தெனம் வரிசைல போய்ப் பாக்கறா. அந்த அண்ணனுக்கு ஒரு துண்டு குடுக்கணும்னு சொல்லினே கீறா" என்றார்.

அவர் பிறகு வரவே இல்லை. வண்டியை விட்டாரா, வழியை மாற்றினாரா, இருக்கிறாரா என்றுகூட எங்களுக்குத் தெரியாது. அதுவும் என் கணக்கில்தான் சேரும்.

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா பஸ் பிடித்து வந்தாள். இடுப்பில் பிஸ்கட் டின். வாசலிலேயே அதை என் கையில் திணித்தாள். நான் கிளம்பிய அன்று பெட்டியை மூடியதற்கு அப்புறம் என்னோடு பேசிய முதல் வார்த்தை அதுதான்: "தார்ப்பாயில காய வெக்கல. என் பொடவையில காய வெச்சேன்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. உள்ளே கூப்பிட்டேன். அவள் மருமகனைப் பார்த்துப் பேசினாள், வரிசை வீட்டுக் குழாயைப் பார்த்துப் பேசினாள், என்னிடம் மட்டும் உப்பு எங்கே, எண்ணெய் எங்கே என்பதோடு சரி. அவர் பாக்டரியில் மிச்சமான கம்பிகளைப் பற்றவைத்து எனக்கு ஒரு ஜாலி செய்து தந்திருந்தார். அதைத் தட்டிப் பார்த்து, "பரவால்ல" என்றாள். மார்க்கெட்டில் மடவை கிடைக்கவில்லை, வேறு மீன்தான் இருந்தது. கொல்லைப்பக்கம் மூன்று கல் வைத்துக் கரி மூட்டினோம். அம்மா கீறி, தடவி, மூடிவைத்துவிட்டு, நெருப்பின் முன் நின்றாள். புடவையை இழுத்துச் செருகி, ஒரு காலைக் கொஞ்சம் முன்னால் வைத்து, நான் சின்ன வயதில் பார்த்த அதே நிற்பு. நான் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்கு மன்னிப்புக் கிடைத்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

முதல் துண்டை எடுத்து என் தட்டில் வைத்தாள். காரமும் புளிப்பும் கரிவாசமும், கடைசியில் தொண்டையில் அந்த வெந்தயத்தின் வாசம். ஏழு வருஷத்துக்கு முந்தைய மதியம் அப்படியே வாய்க்குள் வந்தது. மென்றுகொண்டே இருந்தேன்.

அம்மா இடுக்கியைக் கீழே வைத்துவிட்டாள். என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கசக்குதா?" என்றாள்.

"இல்லம்மா."

"நல்லா மென்னு பாத்துச் சொல்லு."

"இல்லம்மா. நல்லா கீதும்மா."

மருமகன் பக்கம் திரும்பினாள். "உங்களுக்குக் கசக்குதா?"

அவர் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். இல்லை என்றார்.

அதற்குப் பிறகு அம்மா பல வருஷம் இருந்தாள். ஒவ்வொரு சித்திரைக்கும் டின் வந்தது, தார்ப்பாயைப் பற்றிய அந்த வார்த்தையும் தவறாமல் வந்தது. அதற்கு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரிக்கவும் பழகிவிட்டோம். ஆனால் எப்படி இருக்கிறது என்று ஒருத்தரையும் கேட்டறியாத அந்தப் பொம்பளை, அதன் பிறகு யாருக்கு மீன் வைத்தாலும், அவர்கள் முதல் வாய் முழுங்குகிற வரைக்கும் பக்கத்திலேயே நின்று அந்த ஒரு கேள்வியைக் கேட்டாள். கடைசி வருஷம் எனக்கு வைத்தபோதும் கேட்டாள்.